முழங்கால் மாற்று அறுவைக்குப் பின் பிசியோதெரபி வலி: குறைக்கவும் தாங்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

முழங்கால் மூட்டு மாற்று அறுவை முடிந்தவர்கள் அறுவையைவிட அதிகமாகப் பயப்படுவது பிசியோதெரபிக்குத்தான். "பல்லைக் கடித்துக்கொண்டு மடக்குங்கள்" என்பார் ஒருவர். "வலித்தால் விட்டுவிடுங்கள்" என்பார் இன்னொருவர். இரண்டையும் அப்படியே கேட்டால் கெடுதல்தான். பல்லைக் கடித்துக்கொண்டு செய்தால் மூட்டு வீங்கி, நேற்று மடங்கிய அளவுகூட இன்று மடங்காது. வலிக்குப் பயந்து விட்டுவிட்டால் உள்ளே தழும்புத் திசு இறுகி, சில வாரங்களிலேயே கால் விறைத்துப்போகும். செய்யும்போது எவ்வளவு வலித்தது என்பதை மட்டும் பார்க்காமல், மறுநாள் காலையில் முழங்கால் எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்து அளவைக் கூட்டிக் குறைப்பதே சரியான முறை.

உங்கள் அறுவை மருத்துவர் தனியாக ஏதாவது தடை சொல்லியிருந்தால் (காலில் முழு எடையை ஊன்றக் கூடாது, இத்தனை டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது என்பது போல), கீழே உள்ள எதையும்விட அதுதான் முதலில்.

## வலி எங்கிருந்து வருகிறது

அறுவையில் தொடை எலும்பின் கீழ்முனையும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையும் சீவப்பட்டு உலோகப் பாகங்கள் பொருத்தப்படுகின்றன. நடுவில் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் தட்டு. இவற்றில் எதற்கும் வலி தெரியாது. வலிப்பதெல்லாம் சுற்றியிருக்கும் உயிருள்ள பகுதிதான்: வெட்டித் தைத்த மூட்டுறை, தொடை முன்தசையின் தசைநாண், சீவிய எலும்பு, தோல். இரத்த ஓட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்தத் தொடையில் பட்டை இறுக்கியிருந்தால் அந்த இடமும் கன்றிப்போய் வலிக்கும். முழங்காலில் ஆபரேஷன் செய்துவிட்டுத் தொடை ஏன் இப்படிக் கடுக்கிறது என்று பலர் குழம்புவது இதனால்தான்.

முதல் நாள் "பரவாயில்லையே" என்று தோன்றி, இரண்டாம் மூன்றாம் நாளில் வலி ஏறும். நரம்பையும் மூட்டையும் மரக்க வைத்த மருந்தின் வேலை முடிந்துவிட்டது, அவ்வளவுதான். அறுவை கெட்டுவிட்டதாக நினைத்து அன்று பயிற்சியை நிறுத்த வேண்டாம். மாத்திரை நேரம் தவறாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பயிற்சியின்போது வரும் வலியைப் பிரித்துப் பார்க்கப் பழகினால் பாதிப் பயம் போய்விடும்.

இழுவை வலி முழங்கால் சில்லுக்கு மேலும் தொடையின் முன்பக்கமும் இறுக்கிப் பிடிப்பது போல வரும். மடக்கலின் கடைசி எல்லையில் கூடும், காலைத் தளர்த்திய ஓரிரு நிமிடத்தில் இறங்கிவிடும். இது வேலை நடக்கிறது என்பதன் அடையாளம். தையல் பிய்ந்துவிடும் போலத் தோன்றுவதும் பெரும்பாலும் இந்த இழுவைதான். வழக்கமான மடக்கலைத் தாங்கும்படிதான் அடுக்கடுக்காகத் தைக்கிறார்கள்.

வீக்க வலி வேறு. மூட்டுக்குள் நீர் நிரம்பியது போன்ற பாரம், விண்விண் என்ற தெறிப்பு, மணிக்கணக்கில் நீடிப்பது. பயிற்சி முடிந்த பிறகுதான் இது தலைதூக்கும். அளவு கூடிவிட்டது என்று அர்த்தம்.

மூன்றாவது, ஒரே புள்ளியில் சுருக்கென்று குத்தும் கூர்மையான வலி. வந்தால் அந்த அசைவை அங்கேயே நிறுத்துங்கள். பாதத்தின் கோணத்தை மாற்றி, பாதி தூரத்துக்கு முயன்று பாருங்கள். அப்போதும் வந்தால் அந்தப் பயிற்சியை அன்றைக்கு விட்டுவிட்டு பிசியோவிடம் சொல்லுங்கள்.

இவை தவிர, தழும்பைச் சுற்றி ஊசி குத்துவது போல, கரண்ட் அடித்தது போல ஏதாவது வந்து போகும். தழும்புக்கு வெளிப்பக்கத்துத் தோல் மரத்தும் இருக்கும். தோலுக்கு வரும் ஒரு சிறு நரம்புக் கிளை கீறலில் அறுபடுவதால் இப்படி. மரத்த பகுதி மாதங்கள் போகப் போகச் சுருங்கும், சிலருக்குக் கொஞ்சம் நிரந்தரமாகத் தங்கிவிடும். நடையை அது பாதிக்காது.

## வீக்கம்தான் முதல் எதிரி

மூட்டுக்குள் நீர் சேர்ந்தால், தொடை முன்தசைக்குப் போகும் கட்டளையை தண்டுவடமே அனிச்சையாகக் குறைத்துவிடும். "தூக்கு, தூக்கு" என்று மனம் சொன்னாலும் கால் எழாமல் கிடப்பது சோம்பலால் அல்ல. முதல் மாதத்தில் இந்தத் தசையின் பலம் அறுவைக்கு முன் இருந்ததில் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. தசை வேலை செய்யாவிட்டால் மூட்டுக்குத் தாங்கல் இல்லை, வலி கூடும். வலிக்குப் பயந்து அசையாவிட்டால் வீக்கம் வடியாது. இந்தச் சுழலை உடைக்க மிகச் சுலபமான இடம் வீக்கம்தான். ஐஸ் வைப்பதையும் காலை உயர்த்தி வைப்பதையும் ஓய்வாகக் கருதாமல் பயிற்சியின் ஒரு பகுதியாகவே கணக்கில் எடுங்கள்.

வலியைக் கூட்டும் இன்னொன்று மூச்சை அடக்குவது. வலி வரப்போகிறது என்று தெரிந்ததும் தோள் உயரும், மூச்சு நிற்கும், தொடையின் முன்தசையும் பின்தசையும் ஒரே நேரத்தில் இறுகும். அப்படி இறுகிய காலை மடக்குவது பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளுவது போலத்தான். மடக்கும்போது வாயால் நீளமாக மூச்சை விடுங்கள். பேச முடிகிற அளவுக்குள் வலி இருந்தால் தசை தளர்ந்திருக்கிறது என்று அறியலாம்.

## எத்தனை டிகிரி வேண்டும்

கால் முழுவதும் நேராக நீண்டிருந்தால் 0 டிகிரி; மடங்க மடங்க எண் ஏறும். சமதளத்தில் நடக்க 65 முதல் 70 டிகிரி போதும். படி ஏற 85, இறங்க 90, சாதாரண நாற்காலியிலிருந்து எழ 95 டிகிரி அளவில் தேவைப்படும். சைக்கிள் மிதியை முழுச் சுற்றுச் சுற்ற 105 முதல் 110. பொதுவாக 2 வாரத்தில் 90-ஐ நெருங்குவது, 6 வாரத்தில் 105 முதல் 110, 3 மாதத்தில் 115 முதல் 120 என்பது நல்ல போக்கு. அறுவைக்கு முன்பே 90 டிகிரிதான் மடங்கியது என்றால் பிறகும் மெதுவாகத்தான் போகும். பக்கத்துப் படுக்கைக்காரரின் எண்ணோடு ஒப்பிட்டு மனம் உடைவதில் அர்த்தமில்லை.

எல்லோரும் மடக்குவதைப் பற்றியே பேசுகிறார்கள். நீட்டுவதுதான் அதைவிட முக்கியம் என்பது எங்கள் உறுதியான கருத்து. கால் 0 டிகிரிக்கு நேராகாமல் 10 டிகிரி மடங்கியே நின்றுவிட்டால், நிற்கும் ஒவ்வொரு நொடியும் தொடைத் தசை வேலை செய்ய வேண்டும். நொண்டல் வரும், சீக்கிரம் களைப்பு வரும், இடுப்பும் முதுகும் சேர்ந்து வலிக்கும். இதற்கு ஒரு பொதுவான காரணம் தலையணை. முழங்காலுக்கு அடியில் வைத்தால் சுகமாக இருக்கும், அதனால் வீட்டில் உள்ளவர்களும் பாசத்தோடு வைத்துவிடுவார்கள். இராத்திரி முழுக்க அப்படி மடங்கிக் கிடந்த கால் காலையில் நீளாது. தலையணை வேண்டுமென்றால் குதிகாலுக்கும் கெண்டைக்காலுக்கும் அடியில் வையுங்கள்.

அளப்பது வாரம் ஒரு முறை, ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் போதும். நீட்டலுக்கு, சமமான படுக்கையில் காலை நீட்டி முழங்காலின் பின்புறம் எத்தனை விரல் நுழைகிறது என்று பாருங்கள். மடக்கலுக்கு, நாற்காலியில் முதுகு சாய்த்து உட்கார்ந்து பாதத்தைப் பின்னால் இழுத்து, குதிகால் நிற்கும் இடத்தில் தரையில் ஒரு டேப்பை ஒட்டுங்கள். தினமும் அளந்தால் ஏற்ற இறக்கம் உங்களை அலைக்கழிக்கும்.

## மாத்திரையைப் பயிற்சிக்கு ஏற்ற நேரத்தில் போடுவது

முதல் இரண்டு வாரம், வலி வந்த பிறகு மாத்திரையைத் தேடாமல் மருத்துவர் எழுதிய இடைவெளியில் கடிகாரம் பார்த்துப் போடுங்கள். ஏறிவிட்ட வலியை இறக்க அதிக மருந்தும் அதிக நேரமும் ஆகும். அந்த வேளைகளில் ஒன்று பயிற்சிக்கு 45 நிமிடம் முன்னால் விழும்படி பயிற்சி நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வலி மாத்திரைகள் வேலை செய்ய 30 முதல் 60 நிமிடம் ஆகும். பிசியோ வீட்டு வாசலில் நிற்கும்போது போட்ட மாத்திரை, அவர் கிளம்பிப் போன பிறகுதான் கேட்கும்.

பாரசிட்டமால் பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கும் வரம்பு அதைவிடக் குறைவு. சளி மாத்திரையிலும் சில கூட்டு வலி மாத்திரைகளிலும் பாரசிட்டமால் ஒளிந்திருக்கும் என்பதால் அட்டையைப் படித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். வீக்கத்தைக் குறைக்கும் இப்யூபுரூஃபன் போன்றவை சிறுநீரகத்தையும் வயிற்றையும் பதம் பார்க்கும். இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்தோடு சேர்ந்தால் இரத்தக் கசிவு அபாயம் உண்டு. மருத்துவர் எழுதாமல் நீங்களாகச் சேர்க்க வேண்டாம்.

டிரமடால் போன்ற வலுவான மருந்துகள் பலருக்கு மலச்சிக்கலைக் கொண்டுவரும். தொடங்கும் நாளிலேயே மலமிளக்கி பற்றிக் கேளுங்கள். நாலு நாள் போகாமல் முக்கும்போது முழங்காலும் சேர்ந்து வலிக்கும். தலை சுற்றினால் அந்த வேளையில் நின்று செய்யும் பயிற்சி வேண்டாம், படுத்தும் உட்கார்ந்தும் செய்பவை மட்டும். மருந்தைக் குறைக்கும் கட்டத்தில், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு முதலில் பகல் நேர வேளைகளைக் குறைத்து, பயிற்சிக்கு முந்தையதையும் படுக்கைக்கு முந்தையதையும் கடைசியாக விடுவது எளிது.

வலியே தெரியக் கூடாது என்று குறி வைக்காதீர்கள். 0 முதல் 10 வரையான அளவில், பயிற்சி தொடங்கும்போது 3-க்குள்ளும் செய்யும்போது 5-க்குள்ளும் இருந்தால் சரியான இடம்.

## ஒரு வேளைப் பயிற்சி, படிப்படியாக

முதல் ஆறு வாரங்களில் நாளுக்கு மூன்று வேளை, ஒவ்வொன்றும் 25 முதல் 30 நிமிடம். ஒரே மூச்சில் ஒன்றரை மணி நேரம் செய்வது மூன்று வேளைக்கு ஈடாகாது. இடையில் கிடக்கும் நேரத்தில் கால் விறைத்துவிடும். பிசியோ வரும் நாளில் அதையும் ஒரு வேளையாகக் கணக்கிட்டு, வீட்டில் இரண்டு மட்டும் செய்யுங்கள்.

1. சூடேற்றல் (5 நிமிடம்). கணுக்காலை மேலும் கீழும் 20 முறை நன்றாக அசையுங்கள். பிறகு வாக்கரோடு வீட்டுக்குள் ஒரு சின்ன நடை. விறைத்த காலை நேரடியாக மடக்கத் தொடங்குவதே முதல் ஐந்து முறை உயிர் போவதற்குக் காரணம். ஆறாத காயத்தின் மேல் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், வீக்கம் கூடும்.

2. நீட்டல் (7 நிமிடம்). படுத்தபடி குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வையுங்கள். முழங்காலின் பின்புறம் காற்றில் இருக்க வேண்டும். அப்படியே 5 நிமிடம். முதல் நிமிடம் சும்மா இருக்கும், மூன்றாவது நிமிடத்தில் பின்பக்கம் கடுக்கத் தொடங்கும், அதுதான் பலன் தரும் நேரம். தாங்காவிட்டால் 2 நிமிடம் வைத்து, எடுத்து, மறுபடி வையுங்கள். பாதம் வெளிப்பக்கம் சாயவிடாமல் விரல்கள் கூரையைப் பார்க்கட்டும். தொடர்ந்து துண்டை எடுத்துவிட்டு, முழங்காலைப் படுக்கையோடு அழுத்தித் தொடை முன்தசையை இறுக்கி 5 நொடி பிடியுங்கள், 10 முறை. தசை இறுகுவதே தெரியாவிட்டால் ஒரு கையைத் தொடை மேல் வைத்து, முதலில் நல்ல காலில் செய்து அந்த உணர்வைப் பிடித்துக்கொண்டு, உடனே இந்தக் காலில் முயலுங்கள். இரண்டு வாரமாகியும் தசை எழவில்லை என்றால், மின்தூண்டல் கருவி பயன்படுமா என்று பிசியோவிடம் கேட்கலாம். தொடைத் தசையை எழுப்ப அது உண்மையிலேயே உதவுகிறது. காலைத் தானாக மடக்கி நீட்டும் மோட்டார் கருவிக்கு அவ்வளவு மதிப்பில்லை. அதனால் கிடைக்கும் கூடுதல் மடக்கல் மிகச் சொற்பம்.

3. குதிகாலை இழுத்து மடக்குதல் (8 நிமிடம்). பெரும்பாலானோர் அஞ்சுவது இதற்குத்தான். குதிகாலுக்கு அடியில் ஒரு வழவழப்பான பிளாஸ்டிக் பையோ தட்டோ இருந்தால் பாதி உராய்வு போய்விடும். ஒரு நீளத் துண்டைப் பாதத்தில் மாட்டி இரு முனைகளையும் கையில் பிடியுங்கள். மூச்சை விட்டுக்கொண்டே குதிகாலைப் பிட்டத்தை நோக்கி இழுங்கள். ஓரிடத்தில் கால் நிற்கும். அங்கே வெடுக்கென்று இழுக்காதீர்கள். அந்த இடத்திலேயே நின்று நாலைந்து முறை நீளமாக மூச்சு விடுங்கள். தசை மெல்ல விடும். அப்போது துண்டை ஒரு விரல்கடை இழுத்து, 10 நொடி பிடியுங்கள். முதல் ஐந்து முறை பழைய எல்லைக்குள் சும்மா போய்வருவதற்கு, அடுத்த ஐந்து எல்லையில் நிற்பதற்கு, கடைசி இரண்டு மூன்று புது இடத்துக்கு. புது இடத்துக்குப் பதினைந்து முறை போக முயல்கிறவர்களுக்குத்தான் இராத்திரி முழங்கால் வீங்குகிறது.

திரும்ப நீட்டுவது மடக்குவதைவிட வலிக்கும். மடங்கியே நின்ற மூட்டு திரும்பத் தயங்கும், அவ்வளவுதான். சட்டென்று விடாமல், நல்ல காலின் பாதத்தை அடியில் கொடுத்து மெதுவாக இறக்குங்கள்.

4. நாற்காலியில் மடக்குதல் (5 நிமிடம்). பாதத்தைத் தரையில் முடிந்த அளவு பின்னால் இழுத்து ஊன்றி, அது நகராமல் இடுப்பை மட்டும் நாற்காலியின் முன்னோரத்துக்கு நகர்த்துங்கள். 20 முதல் 30 நொடி, 5 முறை. எவ்வளவு மடக்க வேண்டும் என்பது உங்கள் இடுப்பின் கட்டுப்பாட்டில் இருப்பதால் பயம் குறைவு. பிட்டம் ஒருபக்கம் தூக்கிக்கொண்டால் முழங்கால் மடங்கவில்லை, இடுப்பு ஏமாற்றுகிறது.

எல்லையில் கால் இறுகி நின்றால் ஒரு நுணுக்கம் உண்டு. நல்ல காலை அறுவைக் காலின் கணுக்காலுக்கு முன்னால் குறுக்கே வைத்து, அறுவைக் காலால் முன்னோக்கி அதைத் தள்ளுங்கள். பலத்தில் கால்வாசி போதும், 5 நொடி. உடனே முழுவதும் தளர்த்தி, மூச்சை விட்டு, நல்ல காலால் மெதுவாகப் பின்னால் அழுத்துங்கள். இறுகியிருந்த முன்தசை ஒரு முறை வேலை செய்து தளரும் அந்தச் சில நொடியில் இரண்டு மூன்று டிகிரி அதிகம் கிடைக்கும், வலியும் குறைவு. மூன்று முறை செய்தால் போதும்.

5. பலப்படுத்தல். தொடையை இறுக்கிக்கொண்டு நேரான காலை ஒரு அடி தூக்கி இறக்குவது 10 முறை. தூக்கும்போது முழங்கால் தொய்ந்து மடங்கினால் இன்னும் தசை இறுக்கும் பயிற்சியிலேயே இருங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து, பிசியோ சொன்ன பிறகு, நாற்காலியிலிருந்து கை ஊன்றி எழுந்து உட்காருதல் சேர்க்கலாம். அப்போது எடையெல்லாம் நல்ல காலில் சாய்கிறதா என்று பாருங்கள், சாயும்.

மருத்துவர் அனுமதித்த பிறகு, பெரும்பாலும் மூன்று நான்கு வாரத்துக்குமேல், நின்ற இடத்துச் சைக்கிள் நல்ல துணை. இருக்கையை உயரமாக வைத்து, மிதியை முன்னும் பின்னும் ஊஞ்சலாட்டுவது போல 5 நிமிடம். முழுச் சுற்று முதலில் பின்னோக்கித்தான் வரும். எதிர்ப்பு பூஜ்ஜியத்திலேயே இருக்கட்டும்.

## முடிந்ததும் 20 நிமிடம்

படுத்து, கணுக்கால் இதயத்தைவிட உயரமாக வரும்படி கெண்டைக்கால் முதல் குதிகால் வரை தலையணை அடுக்குங்கள். நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டூலில் காலைப் போடுவது சுகம்தான், ஆனால் அதில் வீக்கம் வடியாது. முழங்காலின் முன்பக்கமும் இரு பக்கமும் துணி சுற்றிய ஐஸ் பேக் 15 முதல் 20 நிமிடம். நடுவில் ஒரு முறை தூக்கித் தோலைப் பாருங்கள். மரத்த பகுதியில் ஐஸ் சுட்டாலும் உங்களுக்குத் தெரியாது. அடுத்த முறை வைக்கக் குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி.

முழங்கால் சில்லின் நடுவில் சுற்றளவை தினமும் காலை எழுந்ததும் டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். கோணத்தை வாரம் ஒரு முறை பார்த்தால் போதும், இதைத் தினமும் பார்க்க வேண்டும்.

காலையில் சுற்றளவு அதேதான், நேற்றைய அளவு மடங்குகிறது என்றால் இன்று ஏதாவது ஒன்றை மட்டும் கூட்டலாம்: எண்ணிக்கை, பிடிக்கும் நேரம், அல்லது நடை. மூன்றையும் ஒரே நாளில் கூட்டினால் எது கெடுத்தது என்று தெரியாது. சற்றுக் கடுக்கிறது, ஆனால் மடக்கல் குறையவில்லை என்றால் நேற்றுச் செய்ததையே செய்யுங்கள். சுற்றளவு ஒரு சென்டிமீட்டருக்குமேல் கூடி, நேற்றைவிடக் குறைவாக மடங்கினால் மடக்கலையும் பலப்படுத்தலையும் பாதியாக்கி, நீட்டலை மட்டும் விடாமல், ஐஸையும் உயர்த்தி வைப்பதையும் கூட்டுங்கள். பிறகு நேற்று என்ன நடந்தது என்று யோசியுங்கள். பல நேரம் குற்றவாளி பயிற்சி அல்ல. விருந்தினர் வந்தார்கள் என்று இரண்டு மணி நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பீர்கள், அல்லது சமையலறையில் நின்றிருப்பீர்கள்.

முதல் வாரங்களில் 5 முதல் 10 நிமிட நடை நான்கைந்து முறை என்பது, அரை மணி நேர நடை ஒன்றைவிட நல்லது. கைத்தடிக்கு மாறும்போது அதை நல்ல காலின் பக்கத்துக் கையில் பிடியுங்கள். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவைக் கால் முதலில்.

## பிசியோவிடம் எப்படிப் பேசுவது

"வலிக்குது" என்ற ஒரு சொல்லை வைத்து அவரால் எதையும் முடிவு செய்ய முடியாது. எங்கே, எந்த அசைவில், பத்தில் எத்தனை, முடிந்த பிறகு எவ்வளவு நேரம் என்று சொல்லுங்கள். "நேற்று நீங்கள் போன பிறகு இரண்டு மணி நேரம் 7-ல் இருந்தது, காலையில் ஒன்றரை சென்டிமீட்டர் வீக்கம்" என்றால் எந்த நல்ல பிசியோவும் திட்டத்தை மாற்றுவார்.

தொடங்கும் முன்பே ஒரு சைகையை முடிவு செய்துகொள்ளுங்கள். கையை உயர்த்தினால் அழுத்தத்தைக் கூட்டாமல் அங்கேயே நிற்க வேண்டும், விட்டுவிடத் தேவையில்லை. எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று தெரிந்தாலே உடல் இறுகுவது குறையும். "முதலில் நானே மடக்குகிறேன், கடைசியில் மட்டும் நீங்கள் உதவுங்கள்" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. எல்லையில் கையை வைத்து நிதானமாகப் பிடிப்பது சரியான முறை. திடீரென்று அமுக்குவதும், விட்டு விட்டு எம்ப வைப்பதும் தவறு. தசை எதிர்த்து இறுகும், உள்ளே வீங்கும். எலும்பு பலவீனமானவர்களுக்கு முறிவு அபாயமும் உண்டு. நீங்கள் அலறினால்தான் பலன் என்று ஒருவர் நம்பினால் ஆள் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

## இரவு

பகலில் சமாளித்தவர்களைக்கூட இரவு வலி உடைத்துவிடும். முதல் மூன்று நான்கு வாரம் இது மிகச் சாதாரணம். கடைசிப் பயிற்சியைப் படுக்கைக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். படுக்கும் முன் ஐஸ், இரவு மாத்திரை படுக்கைக்கு அரை மணி முன்பு. மல்லாந்து படுக்க முடியாவிட்டால் அறுவைக் கால் மேலே வரும்படி ஒருக்களித்து, இரண்டு கால்களுக்கும் நடுவில் தொடையிலிருந்து கணுக்கால் வரை நீளமான தலையணை. நள்ளிரவில் விழிப்பு வந்தால் புரண்டு தவிப்பதைவிட எழுந்து ஐந்து நிமிடம் வாக்கரோடு நடந்து, பத்து முறை தொடையை இறுக்கிவிட்டுப் படுப்பது பயன் தரும்.

முடியவே முடியாது என்று தோன்றும் நாட்கள் வரும். அன்றைக்கென்று ஒரு குறைந்தபட்சத்தை முன்கூட்டியே எழுதி வையுங்கள்: கணுக்கால் அசைவு, தொடை இறுக்கல், குதிகால் துண்டு 5 நிமிடம், வலிக்காத தூரம் வரை ஐந்து மடக்கல். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு நாள் இவ்வளவோடு நிறுத்தினால் நட்டமில்லை. தொடர்ந்து நான்கு நாள் எதுவும் செய்யாமல் விட்டால் திரும்பப் பிடிப்பது கடினம்.

## உடனே மருத்துவரை அழைக்க வேண்டியவை

மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, இருமலில் இரத்தம் வந்தால் நேராக அவசரச் சிகிச்சைக்குப் போங்கள், அது நுரையீரலுக்குப் போன இரத்தக் கட்டியாக இருக்கலாம். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் புதிதாக வீங்கி, அமுக்கினால் வலித்தால் அன்றே காட்டுங்கள். அதைத் தேய்க்காதீர்கள், எண்ணெய் போட்டு உருவாதீர்கள். 38 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சல் நீடிப்பது, காயத்திலிருந்து நீரோ சீழோ வடிவது, சிவப்பு பரவுவது, குறைந்துகொண்டிருந்த வலி காரணமில்லாமல் ஏறுவது ஆகியவை தொற்றின் அறிகுறிகள். "டப்" என்ற சத்தத்துக்குப் பிறகு நேற்றுவரை தூக்கிய காலை இன்று தூக்கவே முடியவில்லை என்றால் தசைநாண் அறுந்திருக்கலாம். பாதத்தை மேல்நோக்கித் தூக்க முடியாமல் தொங்கினால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். கீழே விழுந்தால், வலி இல்லாவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

துணி பட்டாலே எரிவது, தோலின் நிறமும் சூடும் வியர்வையும் மாறி மாறி வருவது, பயிற்சிக்குச் சம்பந்தமே இல்லாத அளவு வலி என்றால் அது நரம்பு மண்டலம் சார்ந்த வேறு சிக்கலாக இருக்கலாம். இதைச் சீக்கிரம் கண்டுபிடித்தால்தான் சிகிச்சை எளிது, "எல்லாருக்கும் வலிக்கும்" என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள்.

நீலம் பாரித்த கன்றல் கணுக்கால் வரை இறங்குவது, மூட்டில் டக் டக் என்று சத்தம், முழங்கால் மாதக்கணக்கில் கொஞ்சம் சூடாக இருப்பது ஆகியவை பயப்பட வேண்டாதவை.

## முன்னேற்றம் நின்றுவிட்டால்

நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் சில நாட்கள் எண் ஏறாமல் நிற்கும். அப்போது பலர் இரட்டிப்பாகச் செய்யத் தொடங்குவார்கள். முதலில் வீக்கக் குறிப்பைப் பாருங்கள். வீக்கம் இருக்கிறதென்றால் பயிற்சியைக் குறைப்பதுதான் வழி, எண் மறுபடி தானாக ஏறும். வீக்கம் இல்லை, இழுவைதான் தடுக்கிறது என்றால் எல்லையில் பிடிக்கும் நேரத்தை 10 நொடியிலிருந்து 30-க்கு உயர்த்துங்கள். காயம் முழுவதும் ஆறி, பொருக்கு உதிர்ந்த பிறகு தழும்பை விரலால் குறுக்கு நெடுக்காக நகர்த்துவதும், கால் நீட்டித் தளர்ந்திருக்கும்போது முழங்கால் சில்லை மேலும் கீழும் மெல்ல அசைப்பதும் நாளுக்கு இருமுறை 5 நிமிடம் செய்யலாம். சில்லு ஒட்டிக்கொண்டிருந்தால் எவ்வளவு இழுத்தாலும் கால் மடங்காது, சரியான பிடியை பிசியோவிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறு வாரத்தில் 90 டிகிரியைத் தொடவில்லை என்றால் அறுவை மருத்துவரிடம் அந்த எண்ணை நேராகச் சொல்லுங்கள், அடுத்த வழக்கமான சந்திப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். மயக்கம் கொடுத்து முழங்காலை மடக்கி உள்ளே ஒட்டிய தழும்பை விடுவிக்கும் முறை இருக்கிறது. கீறல் கிடையாது. பொதுவாக 6 முதல் 12 வாரத்துக்குள் செய்தால் பலன் அதிகம், தள்ளிப்போடப் போடத் தழும்பு முற்றிவிடும். இதற்குப் போவதால் நீங்கள் சரியாகப் பயிற்சி செய்யவில்லை என்று ஆகிவிடாது. சிலருடைய உடல் மற்றவர்களைவிட அதிகமாகத் தழும்பை உருவாக்குகிறது. ஆனால் ஒன்றை முன்பே திட்டமிட வேண்டும்: மயக்கத்தில் கிடைத்த மடக்கலைத் தக்கவைக்க அன்றோ மறுநாளோ பிசியோ மறுபடி தொடங்க வேண்டும், முதல் இரண்டு வாரம் நெருக்கமாக. அந்த நாட்களுக்கான வலி மருந்து, ஐஸ், வீட்டில் உதவிக்கு ஆள் எல்லாவற்றையும் முந்தைய நாளே தயாராக வைத்துக்கொண்டு போங்கள்.